நாற்பத்திரண்டு இரும்புக் கால்கள்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வராந்தா ஒழுகுகிறது, ஐயா. தெற்கு மூலையில் தளத்துக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் விட்டிருக்கிறது. கடல்மண்ணைக் கழுவாமல் பூசியிருக்கிறார்கள். உப்பு உள்ளே இருந்துகொண்டு தின்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் சுரண்டிவிட்டு ஆற்றுமணலில் பூசச் சொல்லுங்கள். காத்திருந்த நேரத்தில் கண்ணில் பட்டது, சொன்னேன்.

நான் வந்தது வேறு காரியமாக. மில்லர்புரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி முகப்பு இடிந்தது பற்றிய உங்கள் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாமென்று வந்தேன். இந்தச் சாக்கு இப்படி ஓரமாக இருக்கட்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெயர் அய்யாக்குட்டி. சொந்த ஊர் ஓட்டப்பிடாரம். முப்பத்தொரு வருஷமாகக் கட்டட வேலை. துறைமுகத்துப் பக்கம் பஞ்சு அடுக்கிவைக்கிற கிட்டங்கிகளில் பாதி என் ஆட்கள் எழுப்பியவை. எந்தச் சுவரிலும் என் பெயர் கிடையாது. நான் அதை எதிர்பார்த்ததும் இல்லை. சுவர் நின்றால் போதும் என்று நினைக்கிற ஆள் நான்.

பெண்களை நான் தாழ்வாக நினைத்ததும் இல்லை. எப்போதும் என்னிடம் பதினைந்து சித்தாள்களுக்குக் குறையாமல் வேலை செய்வார்கள். ஒரு பெண் தலையில் எவ்வளவு கல் ஏறும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

போன வருஷம், சுதந்திரம் வந்த மறு மாதம், சுந்தரராஜ் முதலாளி கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டு, அதை வரைந்தது நாசரேத்து வாத்தியார் மகள் அற்புதமணி என்றார். பம்பாயில் ஐந்து வருஷம் கட்டடக் கலை படித்துவிட்டு வந்திருக்கிறதாம். இருபத்தாறு வயது. அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். மேஸ்திரியைப் பார்த்து எழுந்து நிற்கிற இஞ்சினீரை நான் கண்டதில்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இவளுக்கு வேலை வாங்கத் தெரியாது என்று.

வரைபடத்தில் குறை சொல்ல முடியாது. எல்லா அறையிலும் கடல்காற்று குறுக்கே ஓடும்படி சன்னல் வைத்திருந்தாள். வாசலில் முகப்புத் தளம் சுவரிலிருந்து பத்தடி நீட்டிக்கொண்டு நிற்கும். கீழே ஒரு தூண் கிடையாது. தருவைகுளத்திலிருந்து நோவெடுத்து வருகிற பெண்ணை வண்டியோடு நிழலுக்குள் கொண்டுவர வேண்டும், தூண் இருந்தால் மாடு மிரண்டு இடிக்கும் என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்குத் தோன்றாத ஒன்று. தோன்றாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பிரசவத்துக்கு வருகிற வண்டியைப் பற்றி ஆண்பிள்ளை எதற்கு யோசிக்க வேண்டும்?

தளம் போடுவதற்கு முந்தின நாள் ஆட்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒரு வெள்ளரிக்காயை மேஜை விளிம்பிலிருந்து பாதி வெளியே தெரியும்படி அழுத்திப் பிடித்தாள். மேல்பக்கம் கத்தியால் ஒரு கீறல் போட்டாள். நுனியை விரலால் அமுக்கியதும் கீறல் வாயைப் பிளந்தது. "பாத்தியளா? ரெண்டு பக்கமும் சுவர் இருக்கிற தளத்துல பாரம் அடியில இழுக்கும், அதனால கம்பி அடியில. இது ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கு, இழுப்பு மேல. கம்பி மேலதான் இருக்கணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இத மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

சங்குகுளிக்கிறவன்கூடத் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான். அக்காளோ தங்கையோ தாலியறுக்கக் கூடாது என்று அவன் கயிற்றை விடமாட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு இருக்கிற அந்த அறிவு பம்பாயில் படித்தவளுக்கு இல்லை.

மற்ற ஆட்கள் தலையாட்டினார்களே தவிர, ஒருவனுக்கும் புரியவில்லை. கீறல் பிளந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் வந்ததே இதற்காகத்தான்.

அன்று சாயங்காலம் முதலாளி ஒரு காகிதத்தைக் கொடுத்தார். வாசலில் பதிக்கிற கல்லில் வெட்ட வேண்டிய எழுத்து. 'வரைந்து அமைத்தவர் செல்வி அற்புதமணி.' அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'கட்டியவர் அய்யாக்குட்டி மேஸ்திரி.'

"உம்ம பேரையும் போடணும்னு அந்தப் பிள்ளைதான் ஒத்தக்கால்ல நின்னுச்சு வேய்," என்றார் முதலாளி, எனக்கு ஏதோ பரிசு கொடுத்ததுபோல.

கிட்டங்கி கட்டின வெள்ளைக்காரன் என் பெயரைப் போடவில்லை, அது முறை. இவள் போட்டாள், தன் பெயருக்குக் கீழே. அந்தக் கல்லை என் கையாலேயே பதித்து, போகிற வருகிற வண்டிக்காரனெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பதை நான் பார்க்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பிழை நடக்கிறது, அது கல்லில் ஏறுவதற்குள் சரிசெய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் கம்பி கட்டி முடித்தோம். கம்பி கீழே இறங்காமல் இருக்க, ஐந்து விரற்கடை உயரத்தில் சின்னச் சின்ன இரும்புக் கால்களை வளைத்துக் கொடுத்திருந்தாள். நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினாள். மத்தியானம் முதலாளி வீட்டுக் கார் வந்தது. வீடு வரைகிற பெண்ணைப் பார்க்க விருந்தாளிகள் வந்திருந்தார்களாம். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று போனாள்.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கால்களை ஒவ்வொன்றாக உருவினேன். கட்டுக்கம்பியை வெட்டிவிட்டு மேலே ஏறி மிதித்தேன். கம்பி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சுடலைமாடத்தி என்கிற சித்தாள் தண்ணீர்க் குடத்தோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, கம்பி மேல இருக்கணும்னுல்லா அந்தம்மா சொன்னாவ."

"ஏளா, நீ மண்ணு சொமக்க வந்தியா, கம்பி கட்ட வந்தியா?" என்றேன்.

அவள் போய்விட்டாள். அற்புதமணி சாயங்காலம் திரும்பி வந்தபோது தளம் முழுவதும் காங்கிரீட்டில் மூடியிருந்தது. மேலே ஏறிப் பார்த்துவிட்டு, வழவழப்பாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

சுடலைமாடத்தி பிற்பாடு உங்களிடம் வந்தும் இதைச் சொன்னாளாம். சித்தாள் பேச்சு என்று நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. அந்த விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒன்றுதான்.

இருபத்தெட்டு நாள் கழித்து, தளத்தை அடியில் தாங்கி நிற்கிற கம்புகளை எடுக்கிற, முட்டுத் தட்டுகிற நாள் வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டுகளில் கயிறு கட்டி வெளியே நின்று இழுப்பார்கள். கடைசி முட்டு போகிறவரைக்கும் மேஸ்திரி தளத்துக்கு நேர் கீழே, கையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நிற்பான். என் வேலையை நான் நம்புகிறேன் என்பதற்கு அது சாட்சி. நான் எத்தனையோ தளத்துக்கு அப்படி நின்றிருக்கிறேன். நடுவில் யாரும் பேசக் கூடாது.

கமிட்டிக்காரர்கள் எல்லாரும் குடையோடு வந்திருந்தார்கள். வெட்டி முடித்த கல் வாசலில் சாய்ந்து நின்றது. நான் என் தூக்குக்குண்டை எடுத்து அற்புதமணியிடம் நீட்டினேன். என் குருநாதர் கொடுத்த பித்தளைக் குண்டு அது. "பேரு மேல இருக்கவங்கதான் அடியில நிக்கணும் தாயி," என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முதலாளி கைதட்டினார்.

அவள் சொல்லிக்கொடுத்தபடியே நுனியிலிருந்து உள்பக்கமாக முட்டுகளை எடுத்தார்கள். நான் எதிரே சாரத்தின் மேல் நின்றேன். மூன்றாவது வரிசை போனதும், தளத்தின் மேல்பக்கம் சுவரோரமாக முடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது. வெள்ளரிக்காயில் பார்த்த அதே இடம். கீழே நிற்கிறவளுக்கு அது தெரியாது. இன்னும் ஒரு வரிசை பாக்கி. மூச்சை அடக்கி முத்துக்குளிக்கிறவன் நூறு எண்ணுவான் என்பார்கள். எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. தளம் தொங்கும், விரிசல் விடும், கமிட்டி பார்த்துக் கல்லைத் திருப்பி அனுப்பும் என்றுதான் நான் நினைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். பத்தடித் தளத்தின் எடை எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வழக்கத்தை நான் மீறியதில்லை.

தளம் அவள் மேல் இறங்குகிறவரை தூக்குக்குண்டின் நூல் ஆடவில்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து வந்த இஞ்சினீர் என்ன எழுதியிருக்கிறார்? வரைபடத்தில் பிழை எதுவும் இல்லை. விவரம் தெரியாத மேஸ்திரி பழைய பழக்கத்தில் கம்பியை அடியில் வைத்துவிட்டான். அறியாமையால் நேர்ந்த விபத்து மரணம். அதன் அடியில் உங்கள் கையெழுத்து. கமிட்டி அதே வரைபடத்தில் திரும்பக் கட்டப்போகிறதாம். அதே கல்லையே பதிக்கப்போகிறார்களாம், அவள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு. டீக்கடையில் என் கொத்தனார்களே நான் போனதும் பேச்சை நிறுத்துகிறார்கள். பாவம், அண்ணாச்சிக்குத் தெரியவில்லை என்கிறார்களாம்.

சாக்கை அவிழ்த்துக் கொட்டுகிறேன், எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பத்திரண்டு. தெரியாதவன் இவற்றை உருவியிருக்க மாட்டான். எனக்குத் தெரியும். அந்தத் தளத்தில் கம்பி எங்கே இருக்க வேண்டும் என்று, அவளைத் தவிர, இந்த ஊரில் சரியாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். 'அறியாமை' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, வேண்டுமென்றே செய்தது என்று எழுதுங்கள். தண்டனை என்னவோ அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். கமிட்டி அவள் பெயரைக் கல்லில் வெட்டியது. காசு கொடுத்தால் எவன் பெயரையும் வெட்டுவார்கள். முட்டுத் தட்டும்போது ஒரு பெண்ணை மேஸ்திரியின் இடத்தில் நிறுத்தி, அவள் கையில் தூக்குக்குண்டைக் கொடுத்தவன் இந்தக் கரையிலேயே நான் ஒருவன்தான். அவளை நான் மதிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.