கடைசிப் பாடமாகப் போட்ட பிரெஞ்சு

தலவாக்கலையிலிருந்து லிந்துலை போகும் பஸ். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் மடியில் ஆறு பாண், பேக்கரி ரொட்டி. அவர் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

"எம் மகளுக்கு பிரெஞ்சுல வரவேற்க மட்டுந்தாங்க்கா தெரியும். அதால வந்த வினை."

"எட்டாம் வகுப்புல ஆறு மாசமா படிக்குதே?"

"வெள்ளிக்கிழம கடைசி பாடமா போட்டிருக்காங்க. வணக்கம், உள்ள வாங்க, ஒக்காருங்கன்னு படிச்சு முடிக்கையில நம்ம பஸ் வந்துருது, எல்லாம் எந்திரிச்சு ஓடிருதுக. அடுத்த வாரம் மறுபடியும் வணக்கத்துலேருந்து. போயிட்டு வாங்கன்னு வழியனுப்புற எடத்துக்கு இன்னும் வரவே இல்ல."

"அதுக்கென்ன?"

"முந்தாநாளு மலையில படம் புடிச்ச பிரெஞ்சுக்காரங்க ரெண்டு பேருக்கு வணக்கம் சொல்லியிருக்கா. அவங்களுக்கு ஒரே சந்தோசம். படிச்சத பூரா சொல்லி எங்க லயத்து வீட்டுக்கே கூட்டியாந்துட்டா. தேத்தண்ணி குடிச்சாங்க, ரொட்டி சாப்பிட்டாங்க."

"வீட்டுக்கு வந்தவங்கள நாமளா போங்கன்னு சொல்ல முடியும்? சரி, எப்பப் போனாங்க?"

அவர் மடியைக் காட்டினார்.

"போயிருந்தா எனக்கு எதுக்குக்கா ஆறு பாண்?"