தீக்குண்டத்தில் நிதானமாக நடந்தவர்

இன்னிக்கு மார்ச் பதினாலு, சனிக்கிழமை. மணி பதினொன்னு இருபது. இந்த முகாம் ஹால்ல கிட்னி நோயாளிங்க எண்பத்தாறு பேர் இருக்கீங்க. எனக்கு முன்னாடி டாக்டர் நரம்பு பாதிப்புன்னு படம் போட்டுக் காட்டினப்போ, உங்கள்ல பாதிப் பேர் வாட்ஸ்அப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. சரி. எனக்குப் படமெல்லாம் போட வராது. நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். சின்னதா ஒரு கதை சொல்றேன்... போனை உள்ள வையுங்க.

செஞ்சிப் பக்கம் தாண்டவராயன்னு ஒருத்தர். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுறவர். சில வருஷம் என் மெஷின்ல படுத்திருந்தார். அப்புறம் அவங்க அக்கா மங்கையர்க்கரசி தன் கிட்னியில ஒண்ணைக் கொடுத்தாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அக்கா கிட்னி மட்டுமா கொடுத்தாங்க? ஒரு வேண்டுதலும் வெச்சாங்க. 'திரௌபதி அம்மா, என் தம்பி பொழைச்சான்னா உன் குண்டத்துல இறங்குவான்!'

கவனிச்சீங்களா? வேண்டிக்கிட்டது அக்கா... இறங்க வேண்டியது தம்பி! நம்ம வீடுகள்ல அப்படித்தானே?

ஆடி மாசம் காப்புக் கட்டினார். மஞ்சள் வேட்டியோட இறங்கிட்டார். எங்க யார்கிட்டயும் மூச்சு விடல. சொன்னா விட மாட்டோம்னு தெரியும். மூணு நாள் கழிச்சு அக்காவும் தம்பியும் எங்க யூனிட்டுக்கு வந்தாங்க, பழைய கூட்டாளிகளுக்குக் குங்குமம் கொடுக்க.

தாண்டவராயன் என்கிட்ட வந்தார். 'தம்பி, கையை நீட்டு. அம்மன் குங்குமம்.'

'என்னண்ணே, தீ மிதிச்சீங்களா?'

'மிதிச்சேனாவா? முன்னாடி போனவனெல்லாம் ஆ, ஊன்னு ஓடிப் போய்க் குண்டத்து முடிவுல இருக்கிற பால்குழியில விழுந்தான். நான்... பிரகாரம் சுத்துற மாதிரி நிதானமா நடந்தேன். சூடே தெரியல! ஊர்ப் பெரியவங்கல்லாம் என் கால்ல விழுந்தாங்கப்பா.'

மெஷின்ல படுத்திருந்தவங்க ஊசி குத்தாத கையைத் தூக்கிக் கும்பிட்டாங்க. எனக்கு? ஒண்ணும் புரியல. ஒரே நெருப்பு. அவங்களுக்குச் சுடுது, இவருக்குச் சுடல. எப்படி? யோசிச்சுக்கிட்டே கீழ பார்த்தா, அவர் வலது செருப்போட ஓரம் ஈரமா இருக்கு.

'அண்ணே, செருப்பைக் கழட்டுங்க.'

'எதுக்கு?'

'கழட்டுங்கண்ணே!'

கழட்டினார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் உடைஞ்சு... சீழ்... நாத்தம். அவர் குனிஞ்சு பார்க்கிறார். யாரோ ஒருத்தர் காலைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்.

தட்டினா அதிர்ற ஒரு இரும்புக் கவை இருக்கு எங்ககிட்ட. முதல்ல அக்காவோட கட்டைவிரல்ல வெச்சேன். 'ஐயய்ய, கூசுது தம்பி!' துள்ளினாங்க. அண்ணனைக் கண்ணை மூடச் சொன்னேன். அவர் விரல்ல வெச்சேன். நல்லா அழுத்தியே வெச்சேன். அவர் கேட்கிறார்... 'வெச்சுட்டியா?'

'கால் நரம்பு வேலை செய்யலண்ணே'ன்னேன். அக்காவுக்கு வந்துச்சே கோபம்!

'என்னடா சொல்ல வர்றே? அருள் இல்ல, நரம்பு செத்துடுச்சுங்கிறியா? அதான் கிட்னி புதுசா வெச்சாச்சே! ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு பெரிய டாக்டரே சொன்னாரே!'

'அக்கா, கிட்னி புதுசு. நரம்பு பழசுதானே? இத்தனை வருஷம் கழிவு தேங்கின ரத்தத்துல ஊறின நரம்பு. கிட்னி மாத்தின மறுநாளே எழுந்து உட்காராது. சிலருக்கு மெதுவாத் திரும்பும். சிலருக்குப் பாதி. சிலருக்கு வராமலே போகும்.'

'இவனுக்கு?'

'தெரியலக்கா.'

அன்னிக்கே அட்மிஷன். இங்கதான் பெரிய சிக்கல். புதுக் கிட்னியை உடம்பு தள்ளாம இருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடறார். அதனால புண் ஏறுது. புண்ணை அடக்க மாத்திரையைக் குறைச்சா, கிட்னிக்கு ஆபத்து. காலைப் பார்க்கிறதா? அக்கா கொடுத்த கிட்னியைப் பார்க்கிறதா? டாக்டர்களே கூடிக் கூடிப் பேசினாங்க. கடைசியில ரெண்டு விரலை எடுத்தாங்க. பாதம் தப்பிச்சுது. கிட்னியும் தப்பிச்சுது.

வீட்டுக்குப் போற அன்னிக்கு அக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. 'தம்பி... சூடே தெரியாம நடந்தா வேண்டுதல் சேருமா, சேராதா? திரும்பவும் இறங்கணுமா?'

நான் படிச்ச படிப்புல அதுக்குப் பாடம் இல்ல.

இப்ப உங்களைக் கேட்கிறேன். அன்னிக்குக் குண்டத்துல தப்பிச்சது யாரு? கும்பிடு வாங்கினவரா? ஆ, ஊன்னு கத்திக்கிட்டு ஓடினவங்க! சுட்டுச்சு, ஓடினாங்க... ஓடினாங்க, பொழைச்சாங்க. நீங்க என்ன பண்றீங்க? கால் எரிஞ்சா டாக்டர்கிட்ட ஓடி வர்றீங்க. எரிச்சல் நின்னு மரத்துப் போனா? 'அப்பாடா, சரியாயிடுச்சு'ன்னு வீட்ல உட்கார்ந்துடறீங்க! சரியாச்சா, செத்துப் போச்சான்னு உங்களால சொல்ல முடியாது. சோதிச்சுத்தான் பார்க்கணும். அருளா நரம்பான்னு தீர்ப்புச் சொல்ல நான் வரல. அம்மன் இருக்கட்டும். நீங்க தினம் காலைக் கண்ணால பாருங்க. வலிக்கலேங்கிறது சாட்சியே இல்ல.

பேசினது போதும். இனி நான் செய்யப் போறது:

1. கதவைச் சாத்துறேன். எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க. வெட்கம் வேண்டாம், கால் நாத்தம் எனக்குப் பழக்கம்.

2. ஒவ்வொருத்தர் கட்டைவிரல்லயும் இந்தக் கவையை வைப்பேன். தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. தெரியுதுன்னு சமாளிக்கிற ஆம்பளைங்களுக்கு ரெண்டு தடவை.

3. தெரியாதவங்களைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே டாக்டர் எதிர்ல உட்கார வைப்பேன். பிரியாணி ஓடிடாது.

4. ஆடிக்கு முன்னாடி அந்தக் கோயில் பூசாரியைப் போய்ப் பார்ப்பேன். 'காப்புக் கட்டறதுக்கு முன்னாடி கால்ல உணர்ச்சி இருக்கான்னு பார்க்க விடுங்க'ன்னு கேட்பேன். விடுவாரான்னு தெரியல. வேண்டுதல் சேருமான்னு அக்கா கேட்டதையும் அவர்கிட்டயே கேட்டுட்டு வந்து சொல்றேன்... அக்கா இன்னும் அதை நினைச்சே தூங்காம இருக்காங்க.