பாக்கெட்டுல வந்த கிருமி

...செடியா இது, நீயே பாரு தங்கச்சி. சாக்க கொஞ்சம் வெலக்குறேன். சோளத்தோட எல பச்சையா இருக்கணுமா, இப்புடி கத்திரிக்கா நெறத்துல இருக்கணுமா? நட்டு மூணு மாசமாகப் போகுது, என் முட்டிக்கு மேல வரல. அதான் வேரோட புடுங்கிக்கிட்டு இந்த பஸ்ஸுல பதுளைக்கு போறேன். வெவசாய ஆப்பீசுல புவாத் ஐயா மேசையில போட்டு, இதுக்கு பதில் சொல்லுங்கன்னு கேக்கப்போறேன்.

அவருதான் மடுல்சீமைக்கு, எங்க தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கே வந்தாரு. அரிசி கெடைக்கல, பாணு ரொட்டிக்கு கியூவுல நிக்கிறோம், சோளமாவது போடலாம்னு நாங்க இருந்த நேரம். நம்ம மண்ணுல பொஸ்பரஸ்னு ஒரு சத்து இருக்காம். ஆனா மண்ணு அத இறுக்கிப் புடிச்சுக்கிட்டு செடிக்கு விடாதாம். நல்ல கிருமி இருக்கு, அது சத்த கரைச்சு வேருக்கு குடுக்கும்னு சொல்லி, வீட்டுக்கு ஒரு பாக்கெட்டு கறுப்புப் பொடி குடுத்தாரு. கஞ்சியில கரைச்சு, வெதைய அதுல பெரட்டி, நெழல்ல காயவச்சு நடணுமாம்.

எனக்கும் குடுத்தாரு, அடுத்த காம்பராவுல இருக்குற எம் புருசன் தங்கச்சி கருப்பம்மாவுக்கும் குடுத்தாரு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? ஒன் சோளம் என்னோடத விட ஒசந்துட்டா, ஒரு மாசம் ஒன் வீட்டுக்கு நான் தண்ணி தூக்குறேன்னு, கொழுந்தெடுக்க வந்த அத்தன பேரும் கேக்க சொல்லிட்டேன்.

இப்ப அவ சோளம் கூரைய தொடுது. கதிரு ஒவ்வொண்ணும் என் கை தண்டி. நான் மூணு வாரமா தண்ணி தூக்குறேன். அவ வாசப்படியில உக்காந்துக்கிட்டு, "மதினி, தளும்பாம கொண்டாங்க"ங்குறா. எம் புருசன் அங்கயே அவிச்ச சோளம் தின்னுட்டு வாராரு.

ஒரே பொடி, ஒரே மண்ணு. எனக்கு மட்டும் பழசா குடுத்துட்டாரு, வேற என்ன?

என்ன கேட்ட... கஞ்சிய ஆற வச்சேனான்னா? அதெப்புடி? கிருமிங்குறாரே தங்கச்சி. போன வருசம் எம் மக வயித்தால போயி கெடந்தப்ப, தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயா என்ன சொன்னாரு? தண்ணியில கிருமி இருக்கு, கொதிக்க வச்சா செத்துரும்னாரு. புள்ளைங்க திங்கப்போற சோளத்துல உசுரோட கிருமிய போட எனக்கு மனசு வருமா? கஞ்சியோட பொடியையும் கொட்டி, மூணு கொதி விட்டேன். அப்பறந்தான் வெதையில பூசுனேன். கருப்பம்மா ஆறுன கஞ்சியில கரைச்சா. இவளுக்கு ஒரு சுத்தபத்தம் இல்லையேன்னு நான் மனசுக்குள்ள நெனச்சுக்கூட...

ஏன் சிரிக்கிற?

...

அப்ப அந்தக் கிருமி... அடுப்புலயே செத்துப்போச்சா?

சாக்க மூடிர்றேன். நீ யாருகிட்டயும் சொல்லாத.

பசறை வந்துருச்சு போல. எறங்கி திரும்பிப் போயிரலாம்தான். ஆனா அடுத்த மழைக்கு நடணுமே, வீட்டுல அஞ்சு வயிறு இருக்கு. அவரவிட்டா வேற யாரு பாக்கெட்டு குடுப்பா? போயி உள்ளத சொல்லி, இன்னொண்ணு கேக்க வேண்டியதுதான். கொதிக்க வச்சத சொல்லிர்றேன். நெழல்ல காயவைக்காம வெயில்ல தகரத்து மேல போட்டதையும் சொல்லிர்றேன்.

மிச்சமீதி எதுவும் தப்பிச்சுறக் கூடாதுன்னு ரெண்டு பிடி உப்பு அள்ளி அந்தக் கஞ்சியில போட்டேன் பாரு, அத மட்டும் சொல்ல மாட்டேன்.