பாறையில் வைத்த கத்தி

காட்டுக்குக் கொண்டுபோகிற கத்தி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பலர் அதில்தான் பிழை விடுகிறார்கள். படங்களில் வருவதுபோல முழங்கை நீளத்தில் ஒன்றை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு போவார்கள், பிறகு அதால் ஒரு வெங்காயம்கூட ஒழுங்காக வெட்ட முடியாமல் நிற்பார்கள். நாலு அங்குல அலகு போதும். மான் உரிக்க, விறகு சீவ, கயிறு அறுக்க அதற்குமேல் தேவையில்லை.

நீங்கள் கத்தியைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், ஒஃபிசர். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மொழிபெயர்க்கிற பிள்ளை ஒன்றையும் விடாமல் சொல்லட்டும்.

என் பெயர் அருள்நாயகம். வீடு மோர்னிங்சைட்டில். எங்கள் கோயில் ஆட்கள் கோடையில் காம்பிங் போவதென்றால் என்னைத்தான் கேட்பார்கள்: எந்தக் கூடாரம், எந்த அடுப்பு, எந்தக் கத்தி. நீண்ட காலமாக வேட்டைக்குப் போகிறவன் நான். மனைவி றோசலின் காலமான பிறகு எனக்கென்று இருப்பது மகள் ஸ்டெபனி மட்டும்தான்.

ராகுலன் அவளுடைய கணவன். நல்ல பிள்ளை, அதை எழுதிக்கொள்ளுங்கள். குடிக்க மாட்டான், குரல் உயர்த்த மாட்டான். நான் அறைக்குள் வந்தால் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நிற்பான். இங்கே வளர்ந்த பிள்ளைகளில் யார் அப்படிச் செய்கிறார்கள்? கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டிலேயே இருந்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவனுக்கு பிளேனில் நாலு மணித்தியாலத் தூரத்தில், கல்கரியில் வேலை கிடைத்தது.

அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னான். தை மாதம் ஸ்டெபனியும் தானும் போவதாகச் சொன்னான்.

"நீங்களும் வாங்கோ மாமா. பேஸ்மென்ற் உள்ள வீடாப் பாப்பம், அது உங்களுக்கு" என்றான்.

அன்போடுதான் சொன்னான். என் மேசையில் இருந்து, என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, என் மகளைக் கொண்டுபோகிறவன் எனக்கு நிலவறை தருகிறேன் என்கிறான். ஸ்டெபனி சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. அன்றிரவு முழுவதும், அவர்கள் போன பிறகு என் வீட்டில் நான் தனியே நடமாடுவதை நினைத்துப் பார்த்தேன்.

போவதற்கு முதல் ஒருமுறை என்னோடு வேட்டைக்கு வர வேண்டும் என்று அவனாகத்தான் கேட்டான். கத்தி வாங்க மார்க்கம் நகரில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குத் தரம் பார்க்கிற கண் இருந்தது. உள்ளே போனதும் சரியானதைத்தான் எடுத்தான்: உறையில் போடுகிற, மடங்காத கத்தி. அலகின் இரும்பு பிடியின் அடிவரை ஓடியது, பிடி ரப்பர், நனைந்தாலும் வழுக்காது. ஒற்றைக் கையால் உருவலாம். விரல் விறைத்திருந்தாலும் உருவலாம்.

"இது நல்லதோ மாமா?"

"உது உமக்குப் பாரம், தம்பி. இதை எடும்" என்று ஒரு மடக்குக் கத்தியைக் காட்டினேன்.

பார்க்க வடிவான கத்தி. மரப்பிடியில் மான் தலை செதுக்கியிருந்தது. அலகைத் திறப்பதற்கு நகம் நுழைகிற அளவு ஒரு சிறிய வெட்டு. அலகை மடக்கிப் பிடிக்கிற வில் இறுக்கமானது, திறக்க இரண்டு கையும் வேண்டும், கையுறை போட்டால் முடியாது. யாராவது என்னிடம் கேட்டிருந்தால், வீட்டில் கடிதம் உடைக்க வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அந்த நேரம் எனக்குத் திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. அவனிடம் நல்லது இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அவன் சந்தோஷமாக வாங்கினான், நன்றியும் சொன்னான்.

கார்த்திகை மாதம் வடக்கே போனோம். காலையில் ஏரியைக் கடந்து திரும்பிக்கொண்டிருந்தோம், சின்ன வள்ளம். கரையோரப் பாறைக்குக் கிட்ட வந்ததும் நான் பாறையில் ஏறிவிட்டேன். ஏறும்போது எனக்குக் கை கொடுப்பதற்காக எழுந்து நின்றவன் அப்படியே வள்ளத்தோடு கவிழ்ந்தான். நங்கூரக் கயிறு அவனுடைய சப்பாத்தைச் சுற்றிக்கொண்டது. நங்கூரம் கீழே முறிந்த மரங்களுக்குள் மாட்டிக்கொண்டது. லைஃப் ஜாக்கெற் அவனை மேலே இழுத்தது, கயிறு கீழே இழுத்தது. தலை வெளியே இருந்தது. அந்த ஐஸ் தண்ணீரில் ஒரு ஆள் அதிக நேரம் தாங்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

அவன் பதறவில்லை. பொக்கற்றிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தான். நகத்தை வைத்து இழுத்தான், பல்லாலும் இழுத்துப் பார்த்தான். விரல்கள் விறைத்திருந்தன. கத்தி கையை விட்டுப் போய்விட்டது.

"மாமா, உங்கட கத்தியைத் தாங்கோ."

நான் உருவினேன். பாறையின் விளிம்பில் வைத்தேன்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆட்கள் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். நேரே கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை வரும் என்பார்கள். மொழிபெயர்க்கிற இந்தப் பிள்ளை தலையாட்டுகிறார் பாருங்கள், அவருக்குத் தெரியும். ஸ்டெபனியையும் அப்படித்தான் பழக்கினேன். அவனுடைய விரல் நுனிக்கும் கத்திக்கும் ஒரு சாண் இருந்தது.

"எட்டேல்லை மாமா. கையில தாங்கோ."

"கையில குடுக்கக் கூடாது, தம்பி" என்றேன். "உறவு அறுந்துபோம்."

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. நகங்களால் பாறையைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன், அவனைத் தனியே விட்டுப் போகவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் எழுந்து உதவி தேடி நடந்தேன். கத்தியை எடுக்க மறந்துவிட்டேன். உங்கள் பொலிஸ் ஆட்கள்தான் பிறகு அதைப் பாறையில் கண்டெடுத்தார்கள்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஸ்டெபனி என் வீட்டில், தன் பழைய அறையில் இருந்தாள். நான் விரும்பியது அதுதான். ஆனால் குசினிக் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குள்ளே கல்லை நகம் பிறாண்டுவது கேட்கிறது. நான் அறைக்குள் நுழைந்தால் எங்கேயோ ஒரு கதிரை பின்னால் தள்ளுப்படுகிறது. அவன் இன்னமும் எனக்காக எழுந்து நிற்கிறான், ஒஃபிசர். குசினிக்குள் போகவே எனக்குப் பயம்.

போன கிழமை அவனுடைய சாமான்களை ஸ்டெபனியிடம் திருப்பித் தந்தார்கள். ஏரியில் தேடி எடுத்த மடக்குக் கத்தியும் அதற்குள் இருந்தது. மேசையில் வைத்துத் திறக்கப் பார்த்தாள். நகம் முறிந்தது.

"அப்பா, இத நீங்கதானே அவருக்கு சூஸ் பண்ணினது?"

"ஓம்."

"உங்கட கத்தி ஏன் பாறையில இருந்தது?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவள் எழுந்தாள். மேலே போய்ப் பெட்டி அடுக்கினாள். ராகுலன் பார்த்துவைத்த கல்கரி வீட்டுக்கு இப்போது தனியாகப் போகிறாளாம்.

அதனால்தான் நானாகவே வந்தேன். ராகுலனைக் கொன்றது நான்தான். கை நீட்டியிருந்தால் அவன் இருந்திருப்பான், வேண்டுமென்றுதான் நீட்டவில்லை. இதைத் தெளிவாக எழுதுங்கள். கொலை வழக்கென்றால் சாட்சி சொல்ல மகள் இங்கே நிற்க வேண்டும்தானே. இப்படியான வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும் என்கிறார்கள். இழுபடட்டும். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், அவளுடைய பிளேன் இன்றைக்குப் பின்னேரம்.