ஒரு தண்டில் எட்டு மொட்டு

காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவிட்சை அணைப்பேன். வாசலில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து ஃபிரிட்ஜில் வைப்பேன். பிறகு பின்கதவைத் திறந்து செடிகளைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் இதே வரிசைதான். என் மனைவி ஜெரூஷா இறந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றும் இப்படித்தான் செய்தேன். அந்த சுவிட்சில் இப்போது ஒயர் இல்லை. கை மட்டும் போகிறது.

சார், மாமாவை நீங்கள் கைது செய்தது தவறு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால் கிரவுண்டு காலியாகக் கிடந்தது. மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடம். கிழங்குகள் அழுகிவிடும் என்பதால் செங்கல் அடுக்கி முழங்கால் உயரத்துக்கு மேடை கட்டினேன். மழை லில்லி, சம்பங்கி எல்லாம் வைத்தேன். நடுவில் டே லில்லி. அது எங்கள் பக்கம் லேசில் பூக்காது. இரண்டு ரகங்களை நானே சேர்த்து, விதை எடுத்து, முளைக்க வைத்தேன். மூன்று வருடம் வெறும் இலை.

ஜெரூஷா கேலி செய்வாள். "அந்தப் புல்லுக்கு மூணு வருஷம் வெயிட் பண்றே. நான் புடவை கட்ட மூணு நிமிஷம் வெயிட் பண்ண மாட்டே."

பெருச்சாளிகள் மேடையைத் தோண்டிக் கிழங்குகளைத் தின்றன. வலை போட்டேன், கடித்துவிட்டன. ஜெரூஷாவின் அப்பா, மாமா அந்தோணிசாமி, நாற்பது வருடம் வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். நான் கேட்டதால்தான் மேடையைச் சுற்றி மின்கம்பி போட்டார். அவருக்கு மனமே இல்லை. "தப்பு மாப்ள, இதெல்லாம் செய்யக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார். போட்டு முடித்ததும் எங்கள் இருவரையும் நிற்க வைத்து ஒரு கட்டளை போட்டார். "ஜெரு, மாப்ளைய கேக்காம பின்னால கால் வைக்காதே. வாயால ஆஃப்னு சொன்னப்புறம்தான் போகணும்."

அவள் ஒரு நாளும் தவறியதில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்று "ஆஃபா, டேனி?" என்பாள். "ஆஃப்" என்பேன். "என் வீட்ல நான் நடக்கப் பர்மிஷன்" என்று முனகிக்கொண்டே போவாள்.

போன மாதம் முதல் தண்டு வந்தது. எட்டு மொட்டு. டே லில்லிப் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். காலையில் விரிந்து சாயங்காலம் சுருங்கிவிடும். அடுத்த நாள் அடுத்த மொட்டு. ஆக எட்டு நாள் பார்க்கலாம். அந்த மாதம் சர்ச் பீடத்துக்குப் பூ வைப்பது ஜெரூஷாவின் முறை. நைட் ஷிப்டு இருக்கும் நாளில் கம்பியின் சுவிட்சைப் போடாமல்தான் கிளம்புவேன். அன்று நான் ஒரகடத்தில் ஷிப்டு முடித்து நேராக ஆராதனைக்குப் போனேன். என் பூ பீடத்தில், கடையில் வாங்கிய ரோஜாக்களுக்கு நடுவில் இருந்தது. தண்டோடு வெட்டியிருந்தாள். மீதி ஏழு மொட்டும் அதிலேயே கருகின.

"ஆண்டவருக்குத்தானே வச்சேன், மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கே?" என்றாள். சண்டை போடும் பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டாவது தண்டு சில நாட்களில் வந்தது. முதல் மொட்டு விரிய வேண்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஐந்தே முக்காலுக்கு விழித்துவிட்டேன். எழுந்திருக்கவில்லை. முதலில் அவள் எழுந்து போனாள்.

ஷாக் லேசாக உதறினால் போதும், இனி பூவில் கை வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். அப்படி எழுதிக்கொள்ளுங்கள். நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சத்தம் பெரிதாக இல்லை. கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு எழுந்து சுவிட்சை அணைத்தேன். பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். அதற்குப் பிறகு வெளியே போனேன். மேடை ஓரத்தில் கிடந்தாள். பூ விரிந்திருந்தது, கருஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள். முதலில் அதைத்தான் பார்த்தேன். கத்தரிக்கோல் கதவோர ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், "காபி போட்டு வை, வந்துடறேன்" என்று அவள் சொன்னது அரைத் தூக்கத்தில் கேட்டதாகவும் உங்களிடம் சொன்னேன். அதைக் கேட்டதிலிருந்து அத்தை அருள்மேரி காபி குடிப்பதையே விட்டுவிட்டார். மாமா, "என் பொண்ணு கேக்காம போயிட்டா சார், நான் போட்ட கம்பிதான் சார் கொன்னுது" என்று உங்கள் முன்னால் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவள் கேட்காமல் போகவில்லை. கேட்டாள். நான் "ஆஃப்" என்றேன். தூக்கக் கலக்கத்தில் வாய் தானாகச் சொல்லியிருக்கும் என்று சில நாள் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. காபியைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"செருப்பு நனைஞ்சிருக்கு, வெறுங்கால்லயே போறேன். இன்னிக்கு வெட்ட மாட்டேன்பா, பயப்படாதே. விரிஞ்சிருக்கான்னு பாத்துட்டு வந்து உன்னை எழுப்பறேன்."