மூன்றாவது பேட்டரி

ராத்திரி ஒன்பதே கால். நெய்க்காரப்பட்டிக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற ஒரு மண் ரோடு. விளக்குக் கம்பம் ஒன்று உண்டு, பல்பு கிடையாது. தொண்ணூற்றொன்பது, மாசி மாதம்... அந்த ரோட்டில் ஒருவர் தோளில் டூல்ஸ் பையோடு தனியாக நடந்து போகிறார்.

நம் ஜெரினின் சித்தப்பா, இருதயநாதன். ஜெரின் இதோ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் மண்டையில் தட்டட்டும். லிடியா, நீ சிரிப்பதாக இருந்தால் எழுந்து போய்ப் படு. கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனதற்கு நானா பொறுப்பு?

இருதயநாதனுக்குத் திண்டுக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. கார், லாரி வயரிங், பேட்டரி. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு வந்து சேர்ந்த வினைதான் உடையப்பன். தேங்காய் வியாபாரி, வெள்ளைக் கார். தை மாதக் கடைசியிலிருந்து அந்தக் காருக்கு ஒரு நோய். சாயங்காலம் வரை நன்றாக ஓடும். காலையில் சாவியைத் திருகினால் ஒரு முனகல்... அவ்வளவுதான். பேட்டரி செத்துக் கிடக்கும். இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. உடையப்பன் சும்மா இருப்பாரா? பழைய பேட்டரிக்குப் பெயிண்ட் அடித்துத் தலையில் கட்டிவிட்டான் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்தார். வாடிக்கை லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்குப் போனார்கள். பத்து வருஷமாகச் சேர்த்த பெயர். வயிறு எரியாதா? மூன்றாவது பேட்டரியைக் காலையிலேயே மாட்டச் சொல்லி அனுப்பிவிட்டு, இன்றைக்குக் காரணம் தெரியாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

கார் அந்த மண் ரோட்டுக் கடைசியில், உடையப்பனின் தேங்காய்க் கிட்டங்கிக்குள் நின்றது. குடோன் ஷட்டரை இறக்கினார்கள். மட்டை வாடை, கொப்பரை வாடை. உடையப்பன் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். இருதயநாதன் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் ஒரு டெஸ்ட் லேம்பைக் கோத்தார். காரில் எதுவும் கரண்ட் குடிக்காவிட்டால் அது எரியாது. எரியவில்லை. பத்து மணி... பத்தரை... எரியவில்லை.

பதினொன்றே கால். காருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.

டெஸ்ட் லேம்ப் எரிந்தது. கூடவே ஒரு வாடை... வலித் தைலம். நாள் கணக்கில் நடந்தவன் காலில் தேய்க்கிற தைலம். உடையப்பனைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

இருதயநாதன் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஹாரன், இல்லை. ரேடியோ, இல்லை. நாலாவதைப் பிடுங்கியதும் லேம்ப் அணைந்தது. பிரேக் லைட் ஃப்யூஸ். திரும்ப மாட்டினார், பேட்டரி வயரையும் சேர்த்தார். பின்னால் ஷட்டர் முழுக்கச் சிவப்பு.

டார்ச்சை உள்ளே அடித்தார். சீட்டில் யாரும் இல்லை. பிரேக் பெடல் மட்டும் தரையோடு அமுங்கிக் கிடந்தது. கையால் தூக்கிப் பார்த்தார், வரவில்லை. ரப்பரில் ஈரம். கொப்புளம் உடைந்த மாதிரிப் பிசுபிசுப்பு. அதுவும் சூடாக... கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அப்போதுதான் உடையப்பன் வாயைத் திறந்தார். தைப்பூசத்துக்கு முந்தின வாரம், ஒட்டன்சத்திரம் தாண்டி, இதே நேரம். பாதயாத்திரைக் கூட்டம் முன்னே போய்விட்டது. காலில் துணி சுற்றிக்கொண்டு ஒருவர் பின்தங்கி நொண்டிக்கொண்டு வந்தார். பச்சை வேட்டி. அவரை உடையப்பன் காரால் அடித்துவிட்டார்.

"பிரேக்க மிதிச்சா வண்டி நின்னுருமேன்னு மிதிக்கலைங்க. நின்னிருந்தா என்னைய அடிச்சே கொன்னிருப்பாங்க."

செத்தவர் பெயர் பேச்சிமுத்து என்பது பேப்பரில் வந்தது. அடித்தது அடையாளம் தெரியாத வாகனம் என்று போட்டிருந்தார்கள். இருதயநாதன் நல்ல கிறிஸ்தவர். விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார். உடையப்பன் அசையவில்லை. பாவி, அப்போதும் காரைப் பற்றித்தான் பேச்சு.

"அதெல்லாம் விடுங்க. அந்த வயரப் புடுங்கி விட்ருங்க, காலைல வண்டி கெளம்பணும். உங்க பேட்டரி மேல குத்தமில்லைன்னு நானே ஊரெல்லாம் சொல்றேனுங்க."

இங்கேதான் இருதயநாதன் சறுக்கினார். பெயர் திரும்பக் கிடைக்கும் என்றதும் மனசு மாறிவிட்டது.

"பெடலப் பாக்குறது மெக்கானிக் வேலைண்ணே. வயரு மட்டுந்தான் என் வேலை," என்றார்.

பிரேக் லைட் வயரைத் துண்டித்தார். சிவப்பு அணைந்தது. பெடல் மேலே வரவில்லை... அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு டூல்ஸை அள்ளிப் பையில் போட்டார். பெடல் விடிந்த பிறகுதான் மேலே வந்ததாம்.

அதற்குப் பிறகு பேட்டரி ஒரு நாளும் இறங்கவில்லை. உடையப்பனும் சொன்ன சொல் தவறாமல் மார்க்கெட்டில் புகழ்ந்தார். லாரிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பதினேழு நாள்.

பதினெட்டாம் நாள் ராத்திரி பழனி ரோட்டில், தேங்காய் லாரி ஒன்று அந்தக் காரின் பின்னால் ஏறிவிட்டது. அதே இடமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எழுபதில் போய்க்கொண்டிருந்த கார் நடு ரோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது, பிரேக் லைட்டே வரவில்லை என்று லாரி டிரைவர் அழுதாராம். இருதயநாதன் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய், வயரைப் பிடுங்கியது நான்தான் என்று சொன்னார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

உடையப்பனைப் பிணமாக வெளியே எடுத்த ஆள் கருப்பணன்தான் இருதயநாதனிடம் இதைச் சொன்னது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்ததாம். கால் மட்டும் கீழே, பெடல் பக்கம் இல்லை. இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி, மடக்கி, ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாராம்... பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.