ரொட்டிக்கு முன்னால் சிலிண்டர் ஹெட்

எனக்குப் பொறுமை அதிகம், ஃபாதர் ஸ்பிரிடோன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இருபது வருடம் ஓடித் தேய்ந்த ஜெர்மன் பந்தயக் காரை நான்காவது ஆளாக வாங்கி, என்ஜினை இறக்கி, எட்டு மாதம் கூடத்தில் பிரித்துப் போட்டு வைத்திருந்தவன் நான். என் மனைவி டோப்ரிலா இதைப் பொறுமை என்று சொல்ல மாட்டாள். அது அவள் சுபாவம்.

எங்கள் குடும்பப் புனிதரின் திருநாளான ஸ்லாவாவுக்கு, எங்கள் கல்யாணம் முடிந்தும் பன்னிரண்டு வருடமாக அம்மாதான் ரொட்டி சுட்டார். மருமகளை மாவைத் தொடவிடவில்லை. இந்த வருடம்தான் மனம் இறங்கி டோப்ரிலாவிடம் விட்டார். நீங்கள் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அவள் பிசைந்தாள். இந்த ரொட்டி சரியாக வந்தால்தான் அம்மா முன்னால் அவள் தலை நிமிர முடியும். அது எனக்கும் தெரியும்.

முந்தின நாள் காலை ரொட்டியை ஓவனில் வைத்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினாள்.

"ஃப்ரீசர்ல கெடக்குற உன் இரும்பையெல்லாம் மத்தியானத்துக்குள்ள எடுத்துரு. மீன் வைக்கணும். ரொட்டிய ஒரு மணி நேரம் கழிச்சு இறக்கு. வேற எதுலயும் கை வைக்காத."

அவசரம் யாரால் வந்தது என்று பாருங்கள். ஃப்ரீசரில் இருந்தவை இருபத்து நான்கு வால்வு சீட்டுகள், என்ஜின் வால்வுகள் வந்து உட்காரும் வளையங்கள். அவை குளிரில் சுருங்க வேண்டும், அவற்றைத் தாங்கும் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் சூட்டில் விரிய வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றும் தன் குழியில் சம்மணம் போட்டு உட்காரும். ஹெட்டுக்கு ஒரு மணி நேரம் ஓவன் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே ஓவன். இருபதாவது நிமிடத்தில் ரொட்டியை வெளியே எடுத்தேன். மேலே ஒரு துணியும் போர்த்தினேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

இருபத்து நான்கும் பிசகாமல் இறங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரொட்டி மட்டும் நடுவில் அமுங்கிப் போயிருந்தது. திரும்ப உள்ளே வைத்து மேல்பக்கம் சிவக்கும்வரை சுட்டேன்.

மறுநாள் சடங்கில் நீங்கள் ரொட்டியைச் சிலுவையாகக் கீறி, வைன் ஊற்றித் திருப்பியதும் பச்சை மாவு உங்கள் அங்கிக் கையில் வழிந்தது. முப்பது விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் அம்மா. "இவளுக்கு இதெல்லாம் வராது."

டோப்ரிலா என்னைப் பார்த்தாள். "நான் சொன்ன நேரத்துக்குத்தான இறக்கின?"

"ஆமா," என்றேன். "மாவு சரியா பிசையல போல."

உண்மையைச் சொல்லியிருந்தால் திருநாள் கெட்டிருக்கும். அவள் அன்று பந்தியில் உட்காரவே இல்லை. மற்றவர்கள் மரியாதைக்காக மேலோட்டை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டார்கள். பளபளப்பாக இருக்கிறது என்று பாராட்டி நீங்கள் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தப் பளபளப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை சுட்டதில் ரொட்டி சிவந்தாலும் மினுமினுப்பில்லாமல் வறண்டு தெரிந்தது. கொஞ்சம் எண்ணெய் தடவினால் சரியாகும் என்று தோன்றியது. சமையல் எண்ணெயை டோப்ரிலா எங்கே வைப்பாள் என்று எனக்குத் தெரியாது. என்னுடையது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உங்களுக்கு மூன்று நாள் வயிறு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். பழைய எண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். புது டப்பா. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும்.

டோப்ரிலா மலைமேல் அவள் அப்பா வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. மாவில்தான் கோளாறு என்று இன்னும் நம்பிக்கொண்டு, தினமும் ஒரு ரொட்டி சுட்டுப் பார்க்கிறாளாம். கேட்கவே பாவமாக இருக்கிறது. நானே போய் எல்லாவற்றையும் சொல்லி அழைத்து வந்திருப்பேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். ஆனால் புதிதாகக் கட்டிய என்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேட்டில் ஏற்றக் கூடாது. பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போகலாம்தான். அப்புறம் அந்த ஆயிரம் கிலோமீட்டரை யார் ஓட்டுவது?